2020க்குப் பிந்தைய இசைத்தொகுப்புகள்: என் பட்டியலில் ஒரு திருத்தம்

2020க்குப் பின் வந்த தமிழ் இசைத்தொகுப்புகளில் எனக்குப் பிடித்தவற்றைச் சென்ற ஆண்டு இங்கே பகிர்ந்தபோது, ஏ.ஆர். ரகுமானின் 'பொன்னியின் செல்வன்' முதல் பாகத்தை (2022) முதலிடத்தில் வைத்து, சந்தோஷ் நாராயணனின் 'கர்ணன்' (2021) தொகுப்பை முற்றிலும் விட்டுவிட்டிருந்தேன். அது பெரும் குறை என்று சிலர் சுட்டிக்காட்டினர். அவர்கள் கூறியது சரியே.

சென்ற மாதம் அம்மாவை அழைத்துக்கொண்டு மலேசியாவின் பினாங்குப் பாலத்தைக் கடக்கும்போது, காரில் 'கண்டா வரச் சொல்லுங்க' ஒலித்தது. கிடக்குழி மாரியம்மாளின் குரல் எழுந்ததும், பால்மரம் (ரப்பர் மரம்) சீவிய காலத்தைப் பற்றி அதிகம் பேசாத அம்மா, தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் தம் பாட்டி பாடிய ஒப்பாரியின் இரண்டு வரிகளைத் தாமாகவே பாடிக் காட்டினார். (அவ்வரிகளை அன்றிரவே எழுதி வைத்துக்கொண்டேன்.) மெருகேற்றப்படாத அக்குரலை நடுவில் நிறுத்தி, வாத்தியங்களை அதற்குப் பின்னால் நடக்கவிட்ட துணிவுதான் அத்தொகுப்பின் உயிர் என்பதை அப்போதுதான் முழுமையாக உணர்ந்தேன். ஆகவே இனி 'கர்ணன்' முதலிடம் பெறுகிறது.

இளையராஜாவின் 'விடுதலை' முதல் பாகம் (2023) இரண்டாமிடத்தில் தொடர்கிறது. 'வழிநெடுக காட்டுமல்லி' பாடலில் அவர் குரலும் அனன்யா பட்டின் குரலும் இணையும் இடத்தை எத்தனை முறை கேட்டாலும் சலிப்பதில்லை. 'பொன்னியின் செல்வன்' மூன்றாமிடத்திற்கு இறங்குகிறது. 'மாமன்னன்' (2023) நான்காவதாகவே இருக்கும். வடிவேலு பாடிய 'ராசா கண்ணு' ஒன்றுக்காகவே அதை நீக்க மனம் வரவில்லை.