ரிஸ்டோர் பண்ண காடி (கார்) பாதி வழியில நின்னுடுது, அவசரம்

தோட்டத்துப்பையன்
வணக்கம். முழுசா ரிஸ்டோர் பண்ண மோரிஸ் வாங்கி மூணு வாரம் ஆகுது. சுங்கை சிப்புட் டவுனுக்குள்ள நல்லா ஓடுது. ஈப்போ போற ரோட்டுல 20, 25 நிமிஷத்துல இழுத்து இழுத்து நின்னுடுது. அரை மணி நேரம் விட்டா திரும்ப ஸ்டார்ட் ஆகுது. போர்மன் (மெக்கானிக்) கார்புரேட்டர் மாத்தச் சொல்றாரு. சனிக்கிழமை கல்யாணத்துக்கு இந்தக் காடிதான். சீக்கிரம் சொல்லுங்க.

பீடோர்காரன்
எந்த மோரிஸ் தம்பி? மைனரா, ஆக்ஸ்ஃபோர்டா? எஞ்சின் 948 சிசியா, 1098 சிசியா? பாசிட்டிவ் எர்த் (பேட்டரி பிளஸ் பாடிக்குப் போறது) அப்படியே இருக்கா, மாத்திட்டாங்களா? நிக்கும்போது பொறி இல்லையா, பெட்ரோல் இல்லையா? இது தெரியாம சொன்னா ஜோசியம்தான்.

பாயிண்ட்_15
எதுவும் கேக்கத் தேவையில்ல. டிஸ்ட்ரிபியூட்டர்ல பாயிண்ட் கருகாம காக்கற கண்டன்சர்தான். இப்ப கடையில கிடைக்கிற கண்டன்சர் பாதி சூடு தாங்காது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழட்டி, எஞ்சினைச் சுத்தவிட்டு, காயில் கரண்ட்டை விட்டு விட்டு வெட்டற பாயிண்ட்டைப் பாரு. நீலமா பெருசாப் பொறி பறந்தா அதுதான். பாயிண்ட் இடைவெளி 15 தௌ (அங்குலத்துல ஆயிரத்துல 15 பங்கு), அதாவது 0.38 மில்லி. கையோட மூடிக்குள்ள சுத்தற ரோட்டார் ஆர்மும் மாத்திடு. நடுவுல ரிவெட் அடிச்சதா இருந்தா அது வழியாவே கரண்ட் ஓடிடும், ரிவெட் இல்லாததா வாங்கு.

மலைரோடு
அண்ணே, நம்ம ஊரு வெயிலுக்கு வேப்பர் லாக்தான், பெட்ரோல் சூட்டுல ஆவியாகி பைப்பை அடைச்சுக்கும். பம்ப்புலேர்ந்து கார்புரேட்டருக்குப் போற பைப் எக்ஸாஸ்ட் பக்கம் வளைஞ்சு போகுதான்னு பாரு. துணி காயப்போடற மரக் கிளிப் நாலு அந்த பைப்புல மாட்டு. சிரிக்காதீங்க, நிறைய பேரு இப்படிச் செய்யறாங்க.

பழைய_இரும்பு (மூத்த உறுப்பினர்)
இதே கேள்வி மாசத்துக்கு ஒரு தடவை வருது. தேடிப் பாக்கற வழக்கமே இல்ல. "முழுசா ரிஸ்டோர்"னு சொல்றவங்க கிட்ட நான் கேக்கறது ஒண்ணுதான்: பம்ப்புல பாயிண்ட் சுத்தம் பண்ணாங்களா, டேங்க்கை இறக்கிக் கழுவினாங்களா? பெயிண்ட் அடிச்சு சீட் தைச்சா அது அலங்காரம், ரிஸ்டோர் இல்ல.

பீடோர்காரன்
பெரியவரே, பையன் இன்னும் என்ன காடின்னே சொல்லல. அதுக்குள்ள தீர்ப்பா?

தோட்டத்துப்பையன்
மன்னிக்கணும். மைனர் 1000, நாலு கதவு, கிரான்ல (வண்டிப் பதிவு அட்டை) 1964. எஞ்சின் 1098-ன்னு வித்தவர் சொன்னாரு. பேட்டரில பிளஸ் வயர்தான் பாடிக்குப் போகுது. நிக்கும்போது என்ன இல்லன்னு பாக்கல. சூடு மீட்டர் இல்ல, ஆனா ரேடியேட்டர் தண்ணி குறையல.

பீடோர்காரன்
அப்ப பாசிட்டிவ் எர்த்தான். யாராவது எலக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டச் சொன்னா நெகட்டிவ் எர்த்துக்குள்ளதை வாங்கிடாதே, சாவி திருப்பின உடனே கருகிடும்.

அடுத்த தடவை நிக்கும்போது வண்டியைத் தள்ளாம ரெண்டு வேலை பண்ணு. முதல்ல சாவியை ஆன் பண்ணிக் காதைக் கொடு. தீச்சுவர்ல (எஞ்சினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவுல உள்ள தகடு) இருக்கிற எஸ்.யு. கம்பெனி பெட்ரோல் பம்ப் டிக் டிக்குன்னு நாலஞ்சு தடவை அடிச்சு நின்னா பெட்ரோல் நிறைஞ்சிருக்கு, பம்ப் மேல பழி போடாதே. நிக்காம படபடன்னு அடிச்சா எங்கேயோ காத்து உறிஞ்சுது, இல்ல டேங்க் காலி. ஒவ்வொண்ணா இழுத்து இழுத்து அடிச்சா டேங்க் பக்கம் அடைப்பு. அப்புறம் கார்புரேட்டர் பைப்பைக் கழட்டி பாட்டில்ல பிடி, ஒரு நிமிஷத்துக்கு அரை லிட்டர் வரணும். எக்ஸாஸ்ட் சூடா இருக்கும், ஒரு சொட்டுகூட மேல விழக் கூடாது.

பெட்ரோல் சரியா வந்தா, பாட்டிலை மூடித் தள்ளி வெச்சுட்டுப் பொறியைப் பாரு. காயில் நடு வயரை எஞ்சின் பிளாக்குக்கு 6 மில்லி தள்ளிப் பிடிச்சு ஸ்டார்ட்டர் அடிக்கச் சொல்லு. இந்த ரெண்டும் தெரியாம ஒரு சாமானும் வாங்காதே. முக்கியமா கார்புரேட்டர்.

பாயிண்ட்_15
காயிலையும் அளந்து பாக்கட்டும். மைனருக்கு 3 ஓம் காயில். 1.5 ஓம் காயிலை ரெசிஸ்டர் இல்லாம மாட்டியிருந்தா அரை மணி நேரத்துல கொதிக்கும், ஆறினா ஓடும். அவன் சொல்ற அதே அறிகுறி.

மலைரோடு
அறிகுறி வேப்பர் லாக்குக்கும் அதேதான்.

கம்போங்_கேரேஜ்
ஒரு கேள்வி. டேங்க்ல பெட்ரோல் நிறைய இருக்கும்போது சீக்கிரம் நிக்குதா, கம்மியா இருக்கும்போதா?

தோட்டத்துப்பையன்
அது கவனிக்கல. ஆனா நேத்து ஃபுல் அடிச்சேன், ஈப்போ போற வழியில சிம்மோர் கூடத் தாண்டல.

கம்போங்_கேரேஜ்
அப்ப சூட்டை விடு. டேங்க் மூடியைப் பாரு. மைனர் டேங்க் 6.5 கேலன், சுமார் 29.5 லிட்டர். ஃபுல்லா இருந்தா மேல காத்துக்கு இடமே இல்ல. ரெண்டு லிட்டர் குடிச்சதும் உள்ள வெற்றிடம் இறுகிடும், பம்ப் தூரத்துல இருந்து உறிஞ்சுற வகை, ஜெயிக்காது. பாதி டேங்க்ல 15 லிட்டர் காத்து இருக்கு, அதனால தாக்குப் பிடிக்குது. நிறுத்தி வெச்சா மெதுவாக் காத்து ஏறும், உனக்குச் சூடு ஆறின மாதிரி தெரியும். நின்ன உடனே மூடியைத் திற. புஸ்ஸுன்னு உள்ள இழுத்தா கேஸ் முடிஞ்சது. ரிஸ்டோர் பண்றவங்க அழகுக்கு சாவி போட்ட மூடி மாட்டுவாங்க, அதுல மூச்சு ஓட்டை இருக்கான்னு யாரும் பாக்கறதில்ல.

பழைய_இரும்பு (மூத்த உறுப்பினர்)
இதைத்தான் மேல சொன்னேன். அலங்காரம்.

கம்போங்_கேரேஜ்
நீங்க டேங்க்கை இறக்கச் சொன்னீங்க ஐயா, மூடியைச் சொல்லல.

பழைய_இரும்பு (மூத்த உறுப்பினர்)
விஷயம் அதுவா? துருப்பிடிச்சதை வாங்கி நீயே பண்ணியிருந்தா ஒவ்வொரு ஓட்டையும் உனக்குத் தெரியும். அடுத்தவன் பண்ணதை வாங்கறவன், துருவை மறைக்கப் பூசின புட்டிப் பசைக்குக் காசு கொடுக்கறான்.

மலைரோடு
எல்லாராலும் முடியுமா? ஃப்ளோர் பேன் (தரைத் தகடு), சில் (கதவுக்கு அடியில ஓடற இரும்பு), ஸ்பிரிங் ஹேங்கர் (ஸ்பிரிங்கைத் தாங்கற பிடி) எல்லாம் இங்கிலாந்துலேர்ந்து வரணும். கப்பல் கூலி, வெல்டர் கூலி, பெயிண்ட், கூட்டிப் பாத்தா முடிச்சதை வாங்கினவன்தான் லாபக்காரன். பாதி பேரு அவிழ்த்துப் போட்டுட்டு ரெண்டு வருஷம் கழிச்சுப் பெட்டி பெட்டியா விக்கறான்.

பழைய_இரும்பு (மூத்த உறுப்பினர்)
அவிழ்க்கத் தெரியாம அவிழ்த்தா அப்படித்தான். சில்லை வெட்டறதுக்கு முன்னாடி கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்பு வெல்டு பண்ணணும். பண்ணலைன்னா வாசல் சுருங்கும், அப்புறம் கதவு மூடாது.

பீடோர்காரன்
ரெண்டு பேரும் சரி. முடிச்சதை வாங்கறதும் தப்பில்ல, பாக்கத் தெரியணும். துணி சுத்தின காந்தத்தை சில், மட்கார்டு அடிப்பக்கம், கதவு அடி எல்லாம் ஓட்டு, ஒட்டாத இடம் புட்டி. கார்ப்பெட்டைத் தூக்கு, நம்ம மழைக்கு அதுக்கடியிலதான் முதல்ல அரிக்கும். ஜாக்கி பாயிண்ட்ல தூக்கிட்டு அந்தப் பக்கக் கதவைத் திறந்து மூடு, இடைவெளி மாறினா சில் வெறும் தகடு. முன் சக்கரத்தைத் தூக்கி மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டு. ட்ரன்னியன் (முன் சக்கரம் திரும்ப உதவற மறை போட்ட மூட்டு) மறை தேய்ஞ்சிருந்தா ஒருநாள் சக்கரம் மடிஞ்சு படுத்துடும். 1,600 கிலோமீட்டருக்கு ஒரு தடவை கிரீஸ் அடிக்கணும், நிறைய வீட்டுல அடிக்கறதே இல்ல. எஞ்சின் நம்பர், சேசி நம்பர் கிரானோட ஒத்துப்போகுதான்னு காசு கொடுக்கறதுக்கு முன்னாடி பாரு, வண்டி சோதனை பண்ற புஸ்பகோம்ல போய் நின்னு முழிக்காதே.

பாயிண்ட்_15
பையன் எங்க போனான்?

தோட்டத்துப்பையன்
மூடிதான் அண்ணே. திறந்தப்ப புஸ்ஸுன்னு சத்தம். லூசா வெச்சு ஃபுல் டேங்கோட ஈப்போ போய் வந்துட்டேன், நிக்கல. எல்லாருக்கும் நன்றி.

கம்போங்_கேரேஜ்
லூசா வெச்சு ஓட்டாதே தம்பி, வளைவுல பெட்ரோல் வெளிய தெறிக்கும், கல்யாணத்தன்னிக்கு யாராவது பின்னாடி நின்னு சிகரெட் பிடிப்பாங்க. மூச்சு ஓட்டை உள்ள மைனர் மூடியே வாங்கு. அதுவரைக்கும் பாதி டேங்க்கோட இறுக்கி மூடி ஓட்டு, அப்பப்ப நிறுத்தி ஒரு தடவை திறந்து மூடு.

மலைரோடு
கிளிப்பு மாட்டி வெச்சாலும் கெட்டுப்போகாது.

பீடோர்காரன்
தம்பி, அந்த போர்மன் கார்புரேட்டரைக் கழட்டிட்டாரா? கழட்டியிருந்தா பிஸ்டன் டாஷ்பாட்ல (கார்புரேட்டர் மேல உள்ள எண்ணெய்க் குழாய்) எண்ணெய் இருக்கான்னு பாத்துச் சொல்லு.