ஹார்ட்விக் ஹாலின் ஜன்னல்கள்: கட்டடக் கலையா, முகப்பு அலங்காரமா?

கல்தச்சன்:
டார்பிஷயரில் குன்றின் மேல் நிற்கும் ஹார்ட்விக் ஹாலை, எலிசபெத் அரசி காலத்து ஆங்கிலேயக் கட்டடக் கலையின் உச்சம் என்கிறார்கள். என்னால் அதை ஏற்க முடியவில்லை. 1590இல் தொடங்கி 1597இல் குடிபுகும் நிலைக்கு வந்த அந்த மாளிகை, வெளியே நின்று பார்ப்பவருக்காகக் கட்டப்பட்டதே தவிர, உள்ளே வாழ்பவருக்காகக் கட்டப்பட்டதன்று. "சுவரைவிடக் கண்ணாடியே மிகுதி" என்று அதைப் பற்றி வழங்கும் பழைய சொலவடையை எல்லோரும் புகழுரையாகவே எடுத்துக்கொள்கிறோம். ஆனால் அந்தக் கண்ணாடிகளில் சிலவற்றுக்குப் பின்னால் அறையே கிடையாது. கணப்பின் புகைபோக்கியோ வெறும் சுவரோதான் இருக்கிறது. முகப்பின் வரிசை கெடக் கூடாது என்பதற்காக அங்கும் கண்ணாடியைப் பதித்திருக்கிறார்கள். உள்ளமைப்பு ஒன்று, முகப்பு இன்னொன்று என்றால் அதை நேர்மையான கட்டடம் என்று எப்படிச் சொல்வது?

முற்றம்:
நண்பர் கல்தச்சன் சொல்லும் போலி ஜன்னல்கள் இருப்பது உண்மை. ஆனால் அந்தச் சிலவற்றை வைத்துக்கொண்டு முழு மாளிகையையும் எடைபோடுவது முறையாகாது.

முகப்பை மேலிருந்து கீழாக அல்ல, கீழிருந்து மேலாகப் பாருங்கள். தரைத்தளத்தின் ஜன்னல்கள் குட்டையானவை. அங்கே சமையலறையும் பணியாளர்களின் அறைகளும் இருந்தன. முதல் தளத்தில் குடும்பத்தார் வாழ்ந்தார்கள். அங்கே ஜன்னல்கள் உயர்கின்றன. இரண்டாம் தளம் அரச மரியாதைக்குரிய விருந்தினர்களுக்கானது. மிக உயரமான ஜன்னல்கள் அங்கேதான் உள்ளன. மதிப்பு ஏற ஏற உயரமும் ஏறுகிறது. உள்ளே யார் எங்கே இருந்தார்கள் என்பதை வெளியே நிற்பவர்கூடப் படித்துவிடலாம் என்னும்போது, உள்ளும் புறமும் வேறு என்று எப்படிச் சொல்ல முடியும்?

இன்னொன்று, அவ்வளவு கண்ணாடியைத் தாங்கும் சுவர் எங்கே என்ற கேள்வி. புகைபோக்கிகளில் பெரும்பாலானவற்றை வெளிச்சுவரில் வைக்காமல் மாளிகையின் உட்சுவர்களுக்குள் கொண்டுசென்றுவிட்டார்கள். அதனால்தான் வெளிச்சுவரை வலுவிழக்கச் செய்யாமலே இவ்வளவு அகலமாகத் திறந்துவிட முடிந்தது. இது ஒப்பனைக்காரரின் வேலையன்று, கொத்தனாரின் கணக்கு. மாளிகையை வடிவமைத்தவராகக் கருதப்படும் ராபர்ட் ஸ்மித்சன் கல்தச்சராகத் தொழிலைத் தொடங்கியவர் என்பதைத் தங்கள் புனைபெயரைப் பார்த்ததும் நினைத்துக்கொண்டேன்.

வைகறை:
அந்தப் போலி ஜன்னல்கள் ஜன்னல் வரிக்குப் பயந்து பிற்காலத்தில் அடைக்கப்பட்டவையாக இருக்கலாம் அல்லவா? இங்கிலாந்தில் பல பழைய வீடுகளில் அப்படி அடைத்திருக்கிறார்கள்.

முற்றம்:
அப்படி நினைப்பது இயல்புதான், ஆனால் இங்கே பொருந்தாது. ஜன்னல் வரி 1696இல்தான் வந்தது. மாளிகை கட்டி முடிந்து அதற்குள் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆகிவிட்டன. வரிக்காக அடைத்தவர்கள் ஜன்னலைச் செங்கல்லால் மூடினார்கள். இங்கேயோ கண்ணாடி அப்படியே இருக்கிறது, சுவர் அதற்குப் பின்னால் நிற்கிறது. சமச்சீருக்காகத் தொடக்கத்திலேயே திட்டமிட்டுச் செய்ததுதான் இது. இந்த இடத்தில் கல்தச்சன் சொல்வதே சரி.

கல்தச்சன்:
ஒப்புக்கொண்டதற்கு நன்றி. அப்படியானால் குளிரைப் பற்றியும் பேசிவிடுவோம். மாளிகையைக் கட்டியவர் ஷ்ரூஸ்பரி சீமாட்டி எலிசபெத். பெஸ் என்று வரலாற்றில் அறியப்படுபவர். குடிபுகும்போதே அவர் முதுமையில் இருந்தார். 1601இல் எடுக்கப்பட்ட வீட்டுப் பொருள் பட்டியலில் அவருடைய படுக்கையறையைப் பாருங்கள்: ஜன்னலில் சிவப்புத் துணித் திரைகள் இருக்க, அவை போதாமல் ஜன்னலுக்கு முன் தொங்கவிட மூன்று போர்வைகள், கதவுக்கு முன் தொங்கவிட இன்னொரு போர்வை. செல்வத்தைக் காட்டக் கண்ணாடியைப் போட்டுவிட்டு, அந்தக் கண்ணாடியைப் போர்வையால் மூடிக்கொண்டு உறங்கினார் அந்த மூதாட்டி. இதைவிட வேறு சாட்சி எனக்கு வேண்டாம். கோபுரங்களின் உச்சியில் ஈ, எஸ் என்ற தம் பெயரெழுத்துகளைக் கல்லில் செதுக்கி வானத்தை நோக்கி நிறுத்தியவர், இரவில் தமக்கு வேண்டிய வெப்பத்தைக் கட்டடத்திடமிருந்து பெறவில்லை.

முற்றம்:
அந்தப் பட்டியலை நீங்கள் மேற்கோள் காட்டியது நியாயமே; அதைப் படிக்கும்போது எனக்கும் மனம் கனத்தது. ஆனால் கணப்பை மட்டுமே நம்பிய அக்காலத்து மாளிகைகளில் குளிர் எங்கும் இருந்தது, தடித்த சுவர்களுக்குள்ளும் இருந்தது. அதை ஜன்னலின் குற்றம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

சென்ற ஆண்டு பிற்பகலில் அங்கே நான் நின்ற ஓர் இடத்தைச் சொல்கிறேன். வாசலைக் கடந்ததும் பெருமண்டபம். அதற்கு முந்தைய ஆங்கிலேய மாளிகைகளில் மண்டபம் முகப்புக்கு இணையாகக் குறுக்கே கிடக்கும். வாசல் அதன் ஓர் ஓரத்தில் அமையும், அதனால் முகப்பும் சரிநிகராக அமையாமல் தடுமாறும். இங்கே மண்டபத்தைத் திருப்பி, வாசலிலிருந்து நேராகக் கட்டடத்தின் குறுக்கே பின்புறம் வரை செல்லும்படி நடுவில் வைத்திருக்கிறார்கள். முகப்பின் சமச்சீர் இந்த ஒரு முடிவிலிருந்துதான் பிறக்கிறது. அங்கிருந்து கற்படிக்கட்டு திரும்பித் திரும்பி ஏறுகிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் ஜன்னல் ஒளி படிகளில் விழுகிறது. உச்சியில் இருக்கும் உயர் விருந்து மண்டபத்துக்குள் நுழைந்ததும், சுவரின் மேற்பகுதியில் சுதையில் வடித்து வண்ணம் தீட்டிய காடும், அதன் நடுவே வீற்றிருக்கும் டயானா தேவியும், மான்களும் அந்த ஒளியில் தெரிகின்றன. கண்ணாடி குறைவாக இருந்திருந்தால் அந்தச் சுதை வேலைப்பாடு இருட்டில் கிடந்திருக்கும்.

கல்தச்சன்:
மண்டபத்தைத் திருப்பியது பெரிய சாதனை என்பதை ஏற்கிறேன். அதை நான் என் முதல் பதிவிலேயே குறிப்பிட்டிருக்க வேண்டும். ஆனால் முகப்பின் ஒழுங்கு மண்டபத்திலிருந்தே பிறந்தது என்றால், புகைபோக்கிச் சுவரின் மீது பதித்த கண்ணாடிக்கு என்ன தேவை? திட்டம் எட்டாத இடங்களில் கண்ணாடியால் இட்டு நிரப்பியிருக்கிறார்கள் என்றே நான் இன்னும் நினைக்கிறேன். போலி ஜன்னல்கள் ஒவ்வொன்றும் எந்தத் தளத்தில், எந்த அறைக்கு முன் வருகின்றன என்பதைக் காட்டும் தரைப்படம் யாரிடமாவது இருந்தால் இங்கே இடுங்கள். அதை வைத்துப் பேசுவோம்.