கோலாலம்பூர் செந்தூல் வீடு (குடும்பக் குழு): கேக்கில் தொடங்கியது

மீனா: [படம்] முகிலன் பிறந்தநாள் கேக்குக்கு இந்த மாதிரியை அனுப்பியிருக்கிறார்கள். நடுவில் எரிமலை, சுற்றி டைனோசர்கள். இரண்டு கிலோ, 180 ரிங்கிட். எல்லோருக்கும் சம்மதமா?

லதா அத்தை: அழகாக இருக்கிறது. முட்டை சேர்க்காமல் செய்வார்களா என்று கேள்.

கவின்: அக்கா, எரிமலைக்கு மேலே பறக்கிறதே, அது டைனோசர் அல்ல. டெரானோடான். பறக்கும் ஊர்வன, தனிக் கிளை.

யாழினி: அண்ணா வந்துவிட்டார். படம் வந்து இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

மீனா: தம்பி, அவனுக்கு ஐந்து வயது.

கவின்: ஐந்து வயதுக்காரன் சரியாகத்தான் சொல்கிறான் அக்கா. போன வாரம் காரில் பாராசாரோலோஃபஸ் என்று நாக்குப் பிசகாமல் சொன்னான். பெரியவர்கள்தாம் கண்டதையெல்லாம் ஒரே மூட்டையில் கட்டுகிறீர்கள்.

லதா அத்தை: எல்லாம் பெரிய பல்லிதானே அப்பா?

கவின்: இல்லை அத்தை. பல்லி எங்கோ தூரத்து உறவு. கோழிதான் நேர் வாரிசு. கோழியின் கழுத்தடியில் இரண்டாகப் பிரியும் ஒரு சின்ன எலும்பு இருக்கும், குழம்பில் பார்த்திருப்பீர்கள். டி-ரெக்ஸுக்கும் அது உண்டு.

லதா அத்தை: இன்று வெள்ளிக்கிழமை. கோழிப் பேச்சை நாளைக்கு வைத்துக்கொள்.

யாழினி: பள்ளி விடுமுறையில் முகிலனை ஒரு பேரங்காடிக் கண்காட்சிக்கு அழைத்துப் போனோமே, அங்கே அண்ணா செய்த கூத்து யாருக்கும் தெரியாதே?

கவின்: அது கூத்து அல்ல. சந்தேகம் கேட்டேன்.

யாழினி: முதுகில் பாய்மரம் விரித்த ஒரு பொம்மை. தாடையோரம் ரப்பர் கிழிந்து மஞ்சள் பஞ்சு தெரிகிறது. ஒரு கண் மூடித் திறக்கிறது, இன்னொன்று பாதியில் சிக்கிக்கொண்டு நிற்கிறது. குழந்தைகள் எல்லோரும் அந்தக் கண்ணைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். இவர் மட்டும் பெயர்ப் பலகை முன்னால் நின்று, அங்கே வேலை பார்த்த பையனிடம் இதை எப்படி டைனோசர் என்று போடலாம் என்று வாதாடுகிறார். அவன் பாவம், "அண்ணா, நான் டிக்கெட் கிழிக்கத்தான் வந்திருக்கிறேன்" என்றான்.

கவின்: டிமெட்ரோடான் அது. முதல் டைனோசர் தோன்றுவதற்கு நான்கு கோடி ஆண்டுக்கு முன்பே அழிந்துபோனது. பாலூட்டிகளின் பக்கத்துக் கிளை. முறை பார்த்தால் டைனோசரைவிட நமக்குத்தான் சொந்தம், ஒன்றுவிட்ட பெரியப்பா மாதிரி.

பெரியப்பா: என்னை ஏன் இழுக்கிறாய்? முப்பது வயதாகிறது, இன்னும் பொம்மைப் பேச்சு.

கவின்: விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து பந்தாட்டம் பார்க்கிறவரை நாங்கள் ஏதாவது சொல்கிறோமா பெரியப்பா?

மீனா: கேக்குக்குப் பதில் சொல்லுங்கள்.

பெரியப்பா: [பலமுறை பகிரப்பட்டது] *தமிழன் மண்ணில் டைனோசர் முட்டைகள்! பெரம்பலூரில் குவியல் குவியலாகக் கண்டெடுப்பு! ஊடகங்கள் மறைக்கும் உண்மை! உடனே பத்துக் குழுக்களுக்கு அனுப்பவும்!*

பெரியப்பா: இதற்கு என்ன சொல்கிறாய்?

கவின்: இது 2020 செய்தி. குன்னம் பக்கம் மண் தோண்டும்போது உருண்டைக் கற்கள் கிடைத்தன. புவியியலாளர்கள் பார்த்துவிட்டு, முட்டை அல்ல, அம்மோனைட் என்றார்கள். சுருள் ஓட்டுக் கடலுயிர். அதைச் சுற்றி மண் படிந்து இறுகி உருண்டையாகிவிட்டது. அது வாழ்ந்த காலத்தில் அந்தப் பக்கமெல்லாம் கடல். மறுப்பும் அப்போதே வந்தது, அதை யாரும் பத்துக் குழுக்களுக்கு அனுப்பவில்லை.

பெரியப்பா: எதைச் சொன்னாலும் இல்லை என்பாய். உன் விஞ்ஞானிகள் மட்டும் யோக்கியமா? டைனோசருக்கு நேற்று செதில் என்றார்கள், இன்று இறகு என்கிறார்கள். அவர்களுக்கே ஒன்றும் தெரியாது.

கவின்: எனக்கு எரிச்சல் மூட்டுவதே இந்த வாக்கியம்தான் பெரியப்பா. பறக்கிறதையும் நடக்கிறதையும் குழப்புங்கள், பரவாயில்லை. இதை மட்டும் சொல்லாதீர்கள்.

கவின்: ஸ்பைனோசரஸ் என்ற டைனோசரை எடுத்துக்கொள்ளுங்கள். 1912-இல் எகிப்தில் எலும்பு கிடைத்தது. எர்ன்ஸ்ட் ஸ்ட்ரோமர் என்ற ஜெர்மானியர் 1915-இல் அதற்குப் பெயர் வைத்தார். எலும்புகள் மியூனிக் அருங்காட்சியகத்தில் இருந்தன. 1944 ஏப்ரலில் குண்டு விழுந்து கட்டடத்தோடு போய்விட்டன. மிஞ்சியவை அவருடைய வரைபடங்களும் சில புகைப்படங்களும்தாம். அதன் பிறகு பல பத்தாண்டுகள் அந்தக் காகிதங்களைத்தான் நம்பியிருந்தார்கள். மொரோக்கோவில் கிடைத்த எலும்புகளைக் கொண்டு 2014-இல் பின்னங்கால் குட்டை என்றார்கள். 2020-இல் வால் வெளிவந்தது, நீந்துவதற்கு வாகாக அகன்ற வால். அது ஆழத்தில் முங்கியதா, கரையோரம் நின்று மீன் பிடித்ததா என்று இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். எலும்பு வர வர உருவம் மாறுகிறது. மாற்றாமல் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

லதா அத்தை: இவ்வளவு நீளம் எழுதினால் கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

யாழினி: நம் நாட்டில் ஒன்றும் கிடைக்கவில்லையா அண்ணா?

கவின்: பகாங் மாநிலத்தில் கிடைத்தது. அதே ஸ்பைனோசரஸ் குடும்பத்துப் பல். மலாயாப் பல்கலைக்கழகத்தார் 2014 பிப்ரவரியில் அறிவித்தார்கள். 23 மில்லிமீட்டர் நீளம், 10 மில்லிமீட்டர் அகலம். அதே ஆண்டு, தாவரம் தின்னும் இன்னொன்றின் பல்லும்.

யாழினி: இரண்டு சொச்சம் சென்டிமீட்டரா? என் கடவாய்ப்பல் எடுத்தபோதே அதைவிடப் பெரிதாக இருந்த ஞாபகம்.

கவின்: மலேசியாவில் உறுதி செய்யப்பட்ட முதல் டைனோசர் எச்சம் அது. கிடைத்த இடத்தை வெளியே சொல்லவில்லை.

பெரியப்பா: விற்றால் எவ்வளவு போகும்?

கவின்: இப்படிக் கேட்பார்கள் என்றுதான் சொல்லவில்லை. 2024-இல் நியூயார்க்கில் ஒரு ஸ்டெகோசரஸ் எலும்புக்கூடு 44.6 மில்லியன் டாலருக்கு ஏலம் போனது. எந்த அருங்காட்சியகம் அந்தப் பணத்துக்கு எங்கே போகும்? வாங்கியவர் மனம் வைத்தால்தான் மற்றவர்கள் பார்க்கலாம்.

பெரியப்பா: ஆக, இங்கே வெறும் பல். நம் தாத்தா ஊர்ப்பக்கம் முட்டையாவது இருக்கட்டும் என்று பார்த்தால் அதையும் உடைத்துவிட்டாய்.

கவின்: தாத்தாவுக்கு எந்த ஊர்? உடையார்பாளையம்தானே?

பெரியப்பா: ஆமாம். அப்பா கப்பலேறும் வரை அங்கேதான்.

கவின்: அப்படியானால் கேளுங்கள். அதே அரியலூர் மாவட்டத்தில் கல்லமேடு. அங்கே கிடைத்த ஒரு பிரம்மாண்டத்தைப் பற்றி யாதகிரி, அய்யாசாமி என்ற இரண்டு புவியியலாளர்கள் 1980களில் எழுதினார்கள். பெயர் புருகத்காயோசரஸ். முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு மட்டும் 2 மீட்டர். உங்கள் வாசற்கதவு நிலையை அளந்து பாருங்கள், அவ்வளவு. முதலில் ஊனுண்ணி என்று எழுதினார்கள், பிறகு நீண்ட கழுத்துத் தாவரஉண்ணி என்று ஆனது. பூமியில் நடந்தவற்றிலேயே மிகப் பெரியதாக இருந்திருக்கலாம் என்றுகூடச் சிலர் சொல்கிறார்கள்.

பெரியப்பா: இதை ஏன் முதலில் சொல்லவில்லை! அந்த எலும்பு எங்கே இருக்கிறது? சென்னையிலா?

கவின்: எங்கேயும் இல்லை. எடுக்கும்போதே பொடிந்த நிலை. மழை ஈரம் பட்டு நொறுங்கிப்போய்விட்டது. எலும்பே அல்ல, கல்லாகிப்போன மரம் என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு. பழைய புகைப்படங்கள் 2022-இல் வெளிவந்த பிறகுதான் அந்தப் பேச்சு கொஞ்சம் அடங்கியது. மியூனிக்கிலாவது குண்டு விழுந்தது. இங்கே வெறும் மழை.

பெரியப்பா: அடக் கடவுளே.

கவின்: முட்டைப் புரளி ஆண்டுதோறும் நான்கு பேரிடமிருந்து வருகிறது. இதை ஒருவர்கூட அனுப்பியதில்லை.

பெரியப்பா: தை மாதம் நானும் உன் பெரியம்மாவும் திருச்சி போகிறோம். கங்கைகொண்ட சோழபுரமும் போவோம். அந்தக் கல்லமேட்டில் இறங்கிப் பார்க்கலாமா?

கவின்: கல்லமேட்டில் பார்க்க ஒன்றும் இருக்காது, வெறும் மண்தான். வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது, அங்கே போங்கள். அம்மோனைட்டை நேரில் பார்க்கலாம். தரையில் கிடக்கும் எதையும் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள்.

பெரியப்பா: என்னை என்னவென்று நினைத்தாய்? ஒரு சின்னக் கல்கூடக் கூடாதா?

கவின்: கூடாது.

மீனா: கேக் கடைக்காரர் ஐந்து மணிக்குள் பதில் கேட்கிறார். பறப்பதை எடுத்துவிட்டு இன்னொரு நீண்ட கழுத்தை வைக்கச் சொல்லிவிட்டேன். தம்பி, திருப்தியா?

கவின்: கழுத்தை ரொம்ப வளைக்க வேண்டாம் என்று

மீனா: முன்பணம் கட்டியாகிவிட்டது.

லதா அத்தை: நானும் திருச்சிக்கு வருகிறேன். அந்த வாரணவாசியில் கழிவறை வசதி எப்படி? யாராவது விசாரித்துச் சொல்லுங்கள்.