500 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே பெங்களூருவில் யாருக்காவது ரேடியோ சிக்னல் ஏதாவது மாட்டியிருக்கிறதா?

அல்சூர்வாசி

475 கிலோஹெர்ட்ஸில் விஸ்பர் (மிக மெல்லிய சிக்னலை இரண்டு நிமிடம் கேட்டுக் கம்ப்யூட்டரே படித்துச் சொல்லும் முறை) ஓடவிட்டுப் பார்த்தவர்களுக்கு இந்த ஊரில் என்ன கிடைக்கும் என்று தெரியும். ஒன்றும் கிடைக்காது. எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர், எல்இடி பல்பு, கேட்டுக்குக் கேட்டு கேமரா. வாட்டர்ஃபால் (சிக்னலை நிறமாகக் காட்டும் திரை) முழுக்க இரைச்சலின் மஞ்சள். பழக்கதோஷத்தில்தான் தினமும் மாலை போட்டுவிட்டுப் போவேன்.

மார்ச் மாதம் ஒரு நாள் இரவு எட்டு மணி சுமாருக்குக் கரண்ட் போனது. வழக்கமாகக் கரண்ட் போனால் இன்வெர்ட்டர்கள் எல்லாம் கிளம்பி இன்னும் மோசமாகும். அன்று பகலிலும் நெடுநேரம் இல்லாததால் தெருவில் பாதி இன்வெர்ட்டர் ஏற்கெனவே காலி. கீழே வாட்ச்மேன் யாரிடமோ "கரண்ட் ஹோகிதே சார்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். என் லேப்டாப் பேட்டரியில் ஓடுகிறது. திரையைப் பார்த்தால் மஞ்சள் இருந்த இடம் கறுப்பு! அந்த இரண்டு நிமிட ஸ்லாட் முடிந்ததும் ஒரு வரி விழுந்தது. விகே6 என்று தொடங்கும் அழைப்புக்குறி (நிலையத்தின் அடையாளப் பெயர்), இடக் குறியீடு ஓஎஃப்78, சிக்னல் வலு மைனஸ் 27 டெசிபல். பெர்த் பக்கம். இங்கிருந்து 6,400 கிலோமீட்டருக்கு மேல். 475-இல் அமெச்சூர்கள் (பொழுதுபோக்காக ரேடியோ நடத்துபவர்கள்) காற்றில் விடுவது பெரும்பாலும் 5 வாட்டுக்குள்தான்.

என்னை இன்னும் உறுத்துவது அது இல்லை. அடுத்த ஸ்லாட்டில், அதற்கு 30 ஹெர்ட்ஸ் கீழே, இன்னொரு கோடு தொடங்கியது. முதல் கோட்டைவிடப் பளிச்சென்று இருந்தது. கை தட்டலாமா என்று யோசிக்கும்போதே கரண்ட் வந்துவிட்டது. திரை மறுபடி மஞ்சள். டீகோட் ஆகவில்லை. அது யார்? ஜப்பானா, ஆஸ்திரேலியாவின் மறுகோடியா? அந்தப் படத்தை இன்னும் வைத்திருக்கிறேன், ஆனால் முக்கால் நிமிடக் கோட்டிலிருந்து ஒரு எழுத்துகூட எடுக்க முடியாது.

உங்களுக்கு இப்படி ஏதாவது?

ஜெயநகர்_நாலாவது_பிளாக்

வாழ்த்து. ஆனாலும் ஒரே ஒரு டீகோடை வைத்துக்கொண்டு பெர்த் என்று முடிவுகட்டக் கூடாது. விஸ்பர் சில நேரம் வெறும் இரைச்சலிலிருந்தே அழைப்புக்குறியைக் கற்பனை செய்து கொடுக்கும். மைனஸ் 27, 28 என்று விளிம்பில் வரும்போது இன்னும் அதிகம். இல்லாத ஸ்டேஷனுக்கு இல்லாத ஊரைப் போட்டுக் காட்டியதையெல்லாம் பார்த்திருக்கிறேன். அதனால்தான் நான் இன்னும் க்யூஆர்எஸ்எஸ்ஸை (மிக மெதுவாக அனுப்பும் மோர்ஸ்) விடவில்லை. மென்பொருள் சொல்வதைக் கேட்க வேண்டியதில்லை, நம் கண்ணாலேயே படிக்கலாம்.

137 கிலோஹெர்ட்ஸில், 60 விநாடிப் புள்ளி. தெரியாதவர்களுக்கு: ஒரு புள்ளிக்கு 60 விநாடி, ஒரு கோட்டுக்கு 180 விநாடி. 'ஆர்' என்ற ஒற்றை எழுத்து திரையில் ஏறி முடிக்க 7 நிமிடம். டிசம்பர் மாதம், விடியற்காலை. புள்ளி விழுந்தது, இடைவெளி, கோடு, இடைவெளி, புள்ளி. சுத்தமான 'ஆர்'. ரஷ்ய அமெச்சூர்கள் அந்த அலைவரிசையில் இருக்கிறார்கள், அவர்களின் அழைப்புக்குறிகள் நிறைய 'ஆர்' என்றுதான் தொடங்கும். அடுத்த எழுத்துக்கு மூன்று நிமிடம் காத்திருக்க வேண்டும். அந்த மூன்று நிமிடத்துக்குள் சம்ப்பிலிருந்து மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டாரைப் போட்டுவிட்டார்கள். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் எலெக்ட்ரானிக்ஸ் வைத்த புது மோட்டார். அது ஓடினால் 100 முதல் 200 கிலோஹெர்ட்ஸ் வரை ஒன்றும் மிஞ்சாது. நிறுத்தியபோது விடிந்திருந்தது.

அல்சூர்வாசி

சார், அந்த அழைப்புக்குறியை அன்றிரவே விஸ்பர் வரைபடத்தில் சரிபார்த்துவிட்டேன். அதே மாலையில் ஆஸ்திரேலியாவில் பல பேர் அவரைக் கேட்டிருக்கிறார்கள். கற்பனை ஸ்டேஷன் எல்லாம் இல்லை. விஸ்பரை 2008-இல் எழுதிய வானியலாளர் ஜோ டெய்லர் இரட்டைப் பல்சரைக் கண்டுபிடித்து 1993-இல் நோபல் வாங்கியவர். இரைச்சலிலிருந்து சிக்னலை எடுப்பது அவருக்கு வாழ்நாள் தொழில். கண்ணை நம்புகிறேன் என்கிறீர்கள். புள்ளி, கோடு, புள்ளி என்பதை எந்த இரைச்சலிலும் எந்தக் கண்ணும் பார்த்துவிடும். அதுவும் விடியற்காலையில்.

ஜெயநகர்_நாலாவது_பிளாக்

விடியற்காலையில் என் கண் நன்றாகவே இருக்கும்.

நாங்குநேரித்_தாத்தா

சண்டை வேண்டாம். என்னுடையது அமெச்சூர் சிக்னல் இல்லை, ஆனால் பிடிக்கிற பாடு ஒன்றுதான்.

ஸ்வீடனில் கிரிமெட்டன் என்ற ஊரில் 1924-இல் கட்டிய நிலையம் இன்னும் உயிரோடு இருக்கிறது. 17.2 கிலோஹெர்ட்ஸ், அழைப்புக்குறி எஸ்ஏக்யூ. வால்வும் கிடையாது, டிரான்சிஸ்டரும் கிடையாது. அலெக்சாண்டர்சன் ஆல்டர்னேட்டர் என்ற சுழலும் இயந்திரமே நேராக ரேடியோ அலையை உண்டாக்குகிறது. 2004-இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம் ஆனது. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அதை ஓட்டி மோர்ஸில் வாழ்த்து அனுப்புவார்கள். நம் நேரம் மதியம் ஒன்றரை. பிடிக்க ரேடியோகூட வேண்டாம், ஒரு லூப்பும் (கம்பி வளைய ஆன்டெனா) கம்ப்யூட்டர் சவுண்ட் கார்டும் போதும். பிளைவுட் சட்டத்தில் கம்பி சுற்றி ஃப்ரேஸர் டவுன் மொட்டைமாடியில் நிறுத்தினேன்.

திரையில் முதலில் வந்து நின்றது யார் தெரியுமா? விஜயநாராயணம்! எங்கள் ஊர்ப்பக்கம். ஐஎன்எஸ் கட்டபொம்மன், 18.2 கிலோஹெர்ட்ஸ், கடலுக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்பும் கடற்படை நிலையம். இங்கிருந்து 500 கிலோமீட்டர். அவர்களே 17.0-இலும் வருவதுண்டு. அன்று அதில் வந்திருந்தால் ஸ்வீடன் கதை அதோடு முடிந்திருக்கும், நடுவில் 200 ஹெர்ட்ஸ்தானே. நல்லவேளை, 18.2-இல் மட்டும் இருந்தார்கள். மனைவி சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். 17.2-இல் மெல்லிய கோடு ஒன்று விட்டுவிட்டு வருகிறது. நீளம், குறுகல், நீளம், குறுகல். மோர்ஸில் 'சி' அப்படித்தான் வரும். பிறகு நீளம், நீளம், குறுகல், நீளம். 'க்யூ'. அவ்வளவுதான், மங்கிவிட்டது. அடுத்து நிலையத்தின் பெயர் வர வேண்டும், வரவில்லை. 7,300 கிலோமீட்டர் தாண்டி வந்ததா, மேல்வீட்டு மிக்ஸியா என்று இன்றுவரை ஒரு குடைச்சல்.

கிளிப்ஃபெரைட்

தாத்தா, மன்னிக்கவும், அது ஸ்வீடனாக இருக்க வாய்ப்பு குறைவு. கணக்கு போட்டுப் பாருங்கள். 17,200 என்பது சரியாக 50-இன் 344 மடங்கு. நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஹார்மோனிக் (அதன் மடங்கில் வரும் இரைச்சல்) அதே இடத்தில் வந்து உட்காரும். மின்சாரம் 49.90-க்கும் 50.05-க்கும் நடுவே ஆடிக்கொண்டே இருக்கும், அதனால் அந்தக் கோடு 17,166-இலிருந்து 17,217 வரை எங்கு வேண்டுமானாலும் அலையும். மிக்ஸியை விட்டுவிட்டு அரைத்தால் அதுவும் விட்டுவிட்டுத்தான் வரும்.

என் அனுபவம் இரண்டு வரி. 472 முழுக்க எங்கள் வீட்டில் ஒரு 'பர்ர்' இருந்தது. கையடக்க ஏஎம் ரேடியோவை 530-இல் வைத்து வீடு வீடாகச் சுவரோரம் நடந்தேன். பக்கத்து வீட்டு மீன்தொட்டி விளக்கின் அடாப்டர். அவர் பிளக்கைப் பிடுங்கினார், மாடியிலிருந்து என் பையன் "அப்பா, கறுப்பாயிடுச்சு" என்று கத்தினான். அந்த நொடியை மறக்க முடியாது.

சரி, இங்கே எழுதிய எல்லாருக்கும் ஒரே வியாதி, அதனால் சொல்கிறேன். முதலில் உங்கள் வீட்டு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு பேட்டரியில் பாருங்கள். பாதிக் குற்றவாளி வீட்டுக்குள்ளேயே இருப்பான். லேப்டாப் சார்ஜரை நினைத்தே பார்க்காதீர்கள். மினிவிப் (ஆம்ப்ளிஃபையர் வைத்த சின்ன ஆன்டெனா) வைத்திருப்பவர்கள் அதை மாடியில் ஏற்றினால் போதும் என்று நினைக்கிறார்கள். மினிவிப்பில் கோஆக்ஸ் கேபிளின் மேலுறையும் ஆன்டெனாவின் பாதிதான், வீட்டு இரைச்சல் அது வழியாகத்தான் மேலே ஏறுகிறது. கம்பத்தின் அடியில் தனியாக ஒரு எர்த் கம்பி அடித்து கேபிளின் உறையை அதில் கட்டுங்கள். வீட்டு எர்த்தோடு சேர்க்க வேண்டாம். வீட்டுக்குள் நுழையும் இடத்தில் ஃபெரைட் வளையத்தில் கேபிளைப் பல சுற்று சுற்றுங்கள். ஒற்றை கிளிப் இந்த அதிர்வெண்ணில் எதுவும் செய்யாது (என் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்).

லூப் என்றால் திருப்பத் தெரிய வேண்டும். தாத்தாவுக்கு விஜயநாராயணம் நேர் தெற்கு. லூப் சட்டத்தைக் கிழக்கு மேற்காக நிறுத்தினால் தெற்கு முழுசாக அடங்கிவிடும். ஸ்வீடன் இங்கிருந்து சுமார் 327 டிகிரி, வடமேற்கு. அந்த நிலையில் ஸ்வீடனுக்குப் பாதி வலு போகும், ஆனால் கடற்படை போய்விடும். லாபம்தான்.

அல்சூர் நண்பரே, இரண்டு நிமிட விஸ்பரையே கட்டிக்கொண்டு அழாதீர்கள். விஸ்பர் மாதிரியே இன்னொரு முறையான எஃப்எஸ்டி4டபிள்யூவில் 300, 900, 1800 விநாடி எல்லாம் இருக்கிறது. எவ்வளவு மெதுவோ அவ்வளவு ஆழம். ஆனால் ரிசீவரின் ஆசிலேட்டர் (அதிர்வெண்ணைப் பிடித்து நிறுத்தும் பகுதி) அசையாமல் நிற்க வேண்டும், ஜிபிஎஸ்ஸில் பூட்டியது இருந்தால் நல்லது. மே மாதம் யாரும் முயலவே வேண்டாம். சாயங்கால இடியில் காது போய்விடும்.

நாங்குநேரித்_தாத்தா

தம்பி, 344 மடங்கு எனக்கும் தெரியும். படத்தில் அந்த இடத்தில் இரண்டு கோடு இருக்கிறது. ஒன்று 343, 345-ஆவது ஹார்மோனிக்குகளோடு சேர்ந்து ஒரே மாதிரி ஆடுகிறது. அதுதான் நீங்கள் சொல்லும் மின்சாரம். மற்றது ஆடவே இல்லை, விட்டுவிட்டு வந்தது அதுதான். மிக்ஸி வந்திருந்தால் அதுவும் மின்சாரத்தோடு சேர்ந்துதானே ஆடியிருக்கும்? லூப்பைத் திருப்பும் யோசனை நல்லது. வருகிற டிசம்பரில் செய்கிறேன்.

கிளிப்ஃபெரைட்

அப்படியென்றால் சரி. படத்தை அனுப்புங்கள், பார்க்கிறேன்.

மல்லேஸ்வரம்73

இதே சண்டை 1901-லிருந்து நடக்கிறது. டிசம்பர் 12, நியூஃபவுண்ட்லாந்தின் சிக்னல் ஹில், பட்டத்தில் கட்டிய கம்பி, காதில் டெலிபோன் ரிசீவர். இங்கிலாந்தின் போல்டுவிலிருந்து வந்த 'எஸ்' கேட்டது என்றார் மார்க்கோனி. அதாவது மூன்று புள்ளி. கேட்டது அவரும் உதவியாளர் கெம்ப்பும் மட்டும். நேரமோ நண்பகல். அந்த வெளிச்சத்தில் கீழ் அயனி அடுக்கு மீடியம் வேவைத் தின்றுவிடும், கேட்டிருக்கவே முடியாது என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் பிலடெல்பியா கப்பலில் காகித நாடாவில் பதிவு செய்துகொண்டே போனார். பகலில் 700 மைலோடு சரி, இரவில் 2,000 மைல் தாண்டியது. நாடா இருந்ததால் அதை யாரும் மறுக்கவில்லை.

என் அனுபவம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. மெட்ரோ பாதைக்குப் பக்கத்தில் வீடு.

ராபர்ட்சன்பேட்டைப்_பொண்ணு

மல்லேஸ்வரம் சார், நாடா இல்லாததுதான் என் பிரச்சினையும்.

வேலை ஒயிட்ஃபீல்டில், அப்பா வீடு கேஜிஎஃப்பில் (கோலார் தங்கவயல்). 2001-இல் மைன்ஸ் மூடியதிலிருந்து மைன்ஸ் பக்கம் பெரிய மோட்டார் எதுவும் ஓடுவதில்லை. சைனைடு மேட்டுக்கு (சுரங்கக் கழிவு கொட்டிய மேடு) பின்னால் போனால் இரைச்சலே இல்லை. 137 பார்க்கலாம் என்று பொங்கல் லீவில் பேட்டரி, லூப் எல்லாம் தூக்கிக்கொண்டு அப்பாவோடு போனேன். 137-இல் ஒன்றும் வரவில்லை. சரி என்று லூப்பை நேராக ஆம்ப்ளிஃபையரில் கொடுத்து ஹெட்போனில் இன்னும் கீழ் அதிர்வெண்களைக் கேட்க ஆரம்பித்தோம். இருட்டியதும் 'டுவீக்' வந்தது. எங்கோ வெகுதூரத்தில் வெட்டும் மின்னல், தரைக்கும் அயனி மண்டலத்துக்கும் நடுவே மோதி மோதி வருவதால் 1.7 கிலோஹெர்ட்ஸ் பக்கம் வால் நீண்டு கேட்கும். அதுவரை எனக்கும் தெரிந்த கதைதான்.

ஹெட்போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டு காரில் ஃபிளாஸ்க் எடுக்கப் போனேன். திரும்பி வரும்போது அப்பா நெற்றியைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "இப்ப ஒண்ணு வந்துச்சும்மா. ஷிஃப்ட் முடிஞ்சா சங்கு ஊதி அடங்குமே, அந்த மாதிரி மேலேருந்து கீழே இறங்குச்சு" என்றார். அவர் வாழ்நாள் முழுக்க அந்தச் சங்கு கேட்டு வேலைக்குப் போனவர், தப்பாகச் சொல்ல மாட்டார். அவர் சொன்னது அப்படியே விஸ்லர் (மின்னலால் உண்டாகி, விசில் போல மேலிருந்து கீழே இறங்கும் ரேடியோ ஒலி). 137-க்கென்று கொண்டுபோன ரெக்கார்டரை அப்போது ஓடவிடாமல் வைத்திருந்தேன். அதற்குப் பிறகு விடியும்வரை ஒன்றுகூட வரவில்லை.

ஜெயநகர்_நாலாவது_பிளாக்

மேடம், விஸ்லர் பூமியின் காந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு மறு அரைக்கோளத்திலிருந்து வருவது. நைனிடால், வாரணாசி, குல்மார்க்கில் பதிவாகியிருக்கிறது. கோலார் காந்த நடுக்கோட்டுக்கு மிக அருகில் இருக்கிறது. அங்கே வருவது ரொம்பவே கஷ்டம்.

ராபர்ட்சன்பேட்டைப்_பொண்ணு

கஷ்டம் என்றால் வராது என்று அர்த்தமா சார்? உங்கள் 'ஆர்' மட்டும் வந்ததா?

அல்சூர்வாசி

இதைப் படித்ததும் முடிவு செய்துவிட்டேன். மேடம், உங்களுக்கும் அப்பாவுக்கும் தொந்தரவு இல்லையென்றால் அடுத்த அமாவாசையை ஒட்டிய சனிக்கிழமை கேஜிஎஃப் வருகிறேன். நிலாவுக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது, எனக்கு நட்சத்திரம் பார்க்கவும் ஆசை, அவ்வளவுதான். 475, 137, விஎல்எஃப் (டுவீக், விஸ்லர் வரும் மிகக் கீழ் அதிர்வெண்) மூன்றையும் ஒரே நேரத்தில் பதிவு செய்யலாம். காரில் இன்னும் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது. ஜெயநகர் சார் கண்டிப்பாக வர வேண்டும். லேப்டாப் சார்ஜர் கொண்டுவருபவரை ஹொஸ்கோட்டேயிலேயே இறக்கிவிடுவேன்.

கிளிப்ஃபெரைட்

காரின் யுஎஸ்பி சார்ஜரையும் கழற்றி வையுங்கள். அது சார்ஜரைவிட மோசம்.