கோத்தகிரி எஸ்டேட் லைனுக்கு மினி அங்கன்வாடி: மக்கள்தொகைக்கு எது ஆதாரம்?

வணக்கம். கோத்தகிரியிலிருந்து கீழே இறங்கும் ஒரு தேயிலை எஸ்டேட் லைனில் (தொழிலாளர் குடியிருப்பில்) இருக்கிறோம். 58 வீடு, சுமார் 240 பேர், ஆறு வயதுக்கு உட்பட்டவர்கள் 27. பக்கத்து அங்கன்வாடி மூன்று கிலோமீட்டர். வழி முழுக்கக் காட்டெருமை. காலை ஏழரைக்கு இலை பறிக்கப் போகும் அம்மா பிள்ளையை எப்போது கொண்டுபோய் விடுவாள்? மாவும் முட்டையும்கூட ஒழுங்காக வந்து சேர்வதில்லை.

தனியார் எல்கேஜிக்கு வேன் கட்டணமே கட்டுப்படியாகாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இலவச இடத்துக்கு ஒரு கிலோமீட்டருக்குள் பள்ளி வேண்டும். இங்கே காடுதான் இருக்கிறது.

லைனுக்கே ஒரு மினி அங்கன்வாடி வேண்டும் என்று மே 1 கிராம சபையில் தீர்மானம் போட்டோம். ஜூனில் ஊட்டிக்குப் போய் திங்கள்கிழமை குறைதீர் நாளில் மனு கொடுத்தோம். ஆகஸ்டில் பதில் வந்தது: அங்கன்வாடிக்கு 400 பேர் வேண்டும், அங்கே இல்லை. அது சமவெளிக் கணக்கு. மலைப்பகுதியில் 150 முதல் 300 பேருக்கே மினி அங்கன்வாடி உண்டு என்று மறுபடி எழுதினோம். சரி, மக்கள்தொகைக்கு ஆதாரம் கொடுங்கள் என்கிறார்கள். ரேஷன் கார்டு கணக்கில் 130 பேர்தான் வருகிறார்கள். மீதிப் பேர் ஜார்க்கண்டிலிருந்து வந்த குடும்பங்கள், கார்டு அங்கே, பிள்ளைகள் இங்கே. இடம் பிரச்சினை இல்லை, பழைய பிள்ளைக்காப்பக அறையைத் தர எஸ்டேட்டில் சம்மதித்துவிட்டார்கள்.

நீலகிரியிலோ கொடைக்கானல் பக்கமோ இப்படி மினி அங்கன்வாடி வாங்கியவர்கள், கார்டு இல்லாத குடும்பங்களைக் கணக்கில் சேர்க்க எந்த ஆவணத்தைக் கொடுத்தீர்கள்?