வடநோர்வேயின் பனிவெளிகளைப் படமெடுப்பது: கமராவும் ஒளியளவும்

கேள்வி (உப்புவெளியிலிருந்து)

வணக்கம். வரும் பெப்ரவரியில் நோர்வேயின் துரொம்சோ நகரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகிறேன். அங்கிருந்து அத்தானுடன் காரில் கரஸ்யோக் வரை போய், ஆளரவமற்ற பனிவெளிகளைப் படமெடுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பல ஆண்டுகளாக நிலாவெளிக் கடற்கரையையும் கோணேசர் மலையையும் படமெடுத்து வந்தாலும், என் கமரா குளிர் என்பதையே கண்டதில்லை; அதன் கையேட்டிலும் 0 முதல் 40 பாகை செல்சியஸ் வரை பாவிக்கலாம் என்றே எழுதியிருக்கிறது. அத்தோடு, அக்கா அனுப்பும் படங்களில் பனி வெண்மையாக இல்லாமல் சாம்பல் பூத்ததுபோல் இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

பதில் (மூதூர்க்காரர், இப்போது வடநோர்வேயின் வார்டோவில்)

தம்பி, மீன் தொழிற்சாலை வேலைக்கென்று பின்மார்க் மாகாணத்துக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவன் நான். துரொம்சோவில் கடல் உறைவதில்லை, குளிரும் தாங்கக்கூடியது, கடலை விட்டு உள்ளே இருக்கும் கரஸ்யோக் அப்படியல்ல. இந்த நாட்டின் மிகக் குறைந்த வெப்பநிலையான −51.4 பாகை 1886 ஜனவரி 1 அன்று அங்கேதான் பதிவானது, இன்றும் −30 என்பது அங்கே புதினமல்ல. குளிரில் பற்றரிக்குள் நடக்கும் வேதி மாற்றம் மந்தமாகிவிடுவதால், நிறைய மின் இருக்கும்போதே அது தீர்ந்ததாகக் காட்டும். ஆகவே இரண்டு மூன்று பற்றரிகளைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்ட வைத்து மாற்றி மாற்றிப் போடுங்கள். ஓய்ந்த பற்றரியும் உடற்சூட்டில் கிடந்தால் மறுபடி கொஞ்ச நேரம் வேலை செய்யும்.

குளிரைவிட ஆபத்தானது, வீட்டுக்குள் திரும்பும் நேரம். வந்த முதல் வருடம் நான் கமராவை வாசலில் இருந்து நேரே குசினி மேசைக்குக் கொண்டுபோய் வைத்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வில்லையின் மேல் நீர் முத்து முத்தாகப் படிந்தது, உள்ளே போன ஈரம் அந்த வில்லையையே கெடுத்துவிட்டது. வெளியில் நிற்கும்போதே கமராவைப் பொலித்தீன் பைக்குள் போட்டு, காற்றை வெளியேற்றி இறுகக் கட்டிவிடுங்கள். ஈரம் பையின் வெளிப்புறத்தில் படியும்; இரண்டு மணி நேரம் கழித்துத் திறவுங்கள்.

பதில் (திருகோணமலை நகரில் ஸ்ரூடியோ நடத்துபவர்)

ஐயா சொன்ன ஈரம் நமக்கும் பழக்கமானதுதான்: ஏசி அறையில் இருந்த கமராவை டச்சுக் குடாக் கரைக்கு எடுத்துப் போனால் கண்ணாடி மங்கிவிடுகிறதல்லவா, அங்கே அதுவே திசை மாறி நடக்கிறது.

சாம்பல் பனிக்குக் காரணம், எதைக் கண்டாலும் அதை நடுத்தரச் சாம்பலாக எண்ணி அளக்கும் கமராவின் ஒளிமானி. நண்பகலில் நிலாவெளி மணலை எடுக்கும்போது ஒளியளவைக் கூட்டுவீர்களே, பனிக்கும் அதைத்தான் செய்ய வேண்டும். ஒரு படியில் (ஸ்டொப், அதாவது ஒளியை இரு மடங்காக்குவது) தொடங்கி, வெயில் விழுந்த பனிக்கு ஏறக்குறைய இரண்டு படி வரை கூட்டிப் பாருங்கள். ஆனால் பனித்துகளின் நுண்கோடுகள் வெளுத்து மறையும் முன் நிறுத்திவிடுங்கள். நிழலில் கிடக்கும் பனியின் நீலத்தை மட்டும் முழுதாக அகற்றிவிடாதீர்கள், வானம் அதில் விழுந்த நிறம் அது.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. ஐயா, எந்த நேரத்தில் வெளிக்கிட வேண்டும்?

பதில் (வார்டோவிலிருந்து)

நம் ஊரில் சூரியன் செங்குத்தாக ஏறுவதால் விடியலின் நிறம் சில நிமிடங்களில் கரைந்துவிடும். இங்கே நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி கடக்கும்வரை சூரியன் எழுவதே இல்லை. பெப்ரவரியில் அது அடிவானத்தை ஒட்டியே சரிந்து நகர்வதால், நண்பகலிலும் நிழல்கள் நீண்டு, பொன்னிறமும் இளஞ்சிவப்பும் மணிக்கணக்காக நிற்கும். அவசரப்பட வேண்டாம். முதலில் இடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, எடுக்கப் போகும் பக்கத்தில் காலடி வைக்காமல் நில்லுங்கள்; மிதித்த பனியை மறுபடி விரிக்க முடியாது. வில்லையின் கண்ணாடியில் மூச்சு விடாதீர்கள், அது அப்படியே உறைந்துவிடும்.

புயல் நாட்களில் மலைவீதிகளை மூடி, பனி அகற்றும் வண்டியின் பின்னால் வரிசையாகவே கார்களை விடுவார்கள். அந்த வரிசையில் காத்திருக்க வேண்டி வரலாம் என்பதால் தாங்கியில் எரிபொருளும், காருக்குள் போர்வையும், சுடுதண்ணீர்ப் போத்தலும் இருக்கட்டும். எந்த வழியாகப் போகிறீர்கள் என்பதை அக்காவிடம் சொல்லிவிட்டே புறப்படுங்கள்.