பழைய கப்பலில் பத்தாவது பயணம்

மல்லாவியிலிருந்து:

காலபோக வெட்டு முடிஞ்சு நெல்லும் குடுத்தாச்சு. விறாந்தையில சும்மா இருக்கிறன், அதால எழுதுறன்.

வருசத்தில பாதி இங்க, பாதி ரொறன்ரோவில மகளோட. அங்க நிக்கேக்க பனி தாங்கேலாமல் நானும் மனுசியும் புளோரிடாவுக்கு ஓடுவம். அப்பிடித்தான் இந்த உல்லாசக் கப்பல் பழக்கம் பிடிச்சது. போன கார்த்திகையோட பத்துத் தரம். அதில ஆறு தரம் ஒரே கப்பல். பேர் சொல்லமாட்டன், ஏனெண்டால் குறையும் சொல்லப் போறன்.

அது தொண்ணூறுகளின்ர நடுவில கட்டினது. நாங்கள் இங்க வன்னியில போர்க்காலப் பொருளாதாரத் தடைக்குள்ள மண்ணெண்ணெயில மோட்டார் சைக்கிள் ஓடின காலத்தில அது கரீபியன் கடலில புதுப்பெண் மாதிரி ஓடித் திரிஞ்சிருக்கு. அப்ப எனக்குச் சந்திக்குக் கிட்ட ஒரு பட்டறை. 1996 இல கிளிநொச்சிச் சனம் இடம்பெயர்ந்து இங்கால வந்தாப் பிறகு ராப்பகலா வேலை. நாலு சொட்டு பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேறினதும் மண்ணெண்ணெய்க்கு மாத்துறது. பிளக் கரி பிடிச்சபடி இருக்கும். வண்டி ஒழுங்கைக்குள்ள திரும்பேக்கயே சத்தத்தை வைச்சு என்ன கோளாறு எண்டு சொல்லிப்போடுவன்.

அந்தப் புத்தி கப்பலிலயும் விடேல்லை. அறைக்குள்ள போனதும் மனுசி உடுப்புப் பெட்டியைத் திறப்பா, நான் சுவரில உள்ளங்கையை வைச்சுப் பாப்பன். பின்பக்கத்து அறையெண்டால் இரவிரவாக் கிளாசுக்குள்ள கரண்டி கிணுகிணுக்கும். அதைக் கேட்டுக்கொண்டு படுத்தா எனக்கு நல்ல நித்திரை. மனுசிக்கு இல்லை.

குறையைச் சொல்லிப்போடுறன். ஒருக்கா இரண்டு நாள் ஏசி வேலை செய்யேல்லை, ஒரு காத்தாடி கொண்டுவந்து தந்தாங்கள். இன்னொரு தரம் நடைபாதைக் கூரையால தண்ணி சொட்டி, கம்பளத்தில வாளி வைச்சிருந்தது, மாரியில எங்கட பழைய கொட்டிலுக்குள்ள சட்டி வைச்ச மாதிரி. மலகூடமும் ஒரு இரவு நிண்டுபோச்சு. அது காத்து உறிஞ்சி இழுக்கிற முறை. ஒருத்தர் போடக்கூடாததைப் போட்டா அந்த வரிசை அறையள் முழுக்க அடைபடும். அண்டைக்கு மனுசி பேசின பேச்சை இங்க எழுதேலாது.

பிறகேன் திரும்பத் திரும்ப அதில போறாய் எண்டு மகளும் கேக்கிறா. காசும் ஒரு காரணம்தான், புதுசில போறதின்ர பாதிக் காசு. ஆனா அதைவிட, அது புளோரிடாவில ரம்பா (Tampa) எண்ட துறைமுகத்திலயிருந்து வெளிக்கிடுகிற கப்பல். ரம்பாக் குடாவைக் கடக்க ‘சன்சைன் ஸ்கைவே’ பாலத்துக்குக் கீழால போகவேணும். தண்ணியிலயிருந்து பாலத்துக்கு 55 மீற்றரளவுதான் உயரம். 7,600 பேர் ஏத்துற ‘ஐகன் ஒஃப் த சீஸ்’ மாதிரிப் பூதங்கள் அதுக்குள்ளால வரேலாது. பொழுதுபடுகிற நேரம் எல்லாரும் மேல்தட்டில அண்ணாந்துகொண்டு நிப்பம். புகைபோக்கி பாலத்தில முட்டப்போகுது எண்டுதான் கண்ணுக்குத் தெரியும். முட்டாது. ஆறு தரம் பாத்தும் ஒவ்வொரு தரமும் நான் தலையைக் குனிஞ்சுதான் இருக்கிறன்.

சாப்பாட்டு மேசையில ஒரு வெள்ளைக்காரக் கிழவி. எங்களை விடக் கூடத்தரம் அந்தக் கப்பலில வந்தவ. எந்த வருசம் எந்தக் கம்பளம் மாத்தினது எண்டெல்லாம் சொல்லுவா. ஒருநாள் கைபேசியில ஒரு படம் காட்டினா. துருக்கியில அலியாகா எண்ட இடத்துக் கடற்கரையில கப்பல்கள் வரிசையா ஏத்தி விட்டிருக்கு, முகப்பு அரிஞ்சு அறையள் வெளிய தெரியுது. 2020 இல கொரோனாவோட உடைக்கப் போனதுகள். அதில 1990 இல ஓடத் தொடங்கின ‘கார்னிவல் ஃபான்ரசி’யும் ஒண்டு. அந்தக் கப்பலிலதான் அவ புருசனோட முதல் பயணம் போனவவாம். அவர் இப்ப இல்லை. நான் ஒண்டும் கதைக்கேல்லை. மனுசி தன்ர கேக்கைப் பாதி வெட்டி அவவின்ர தட்டில வைச்சா.

போன பயணத்தில மூண்டாம் நாள் விடிய சத்தம் மாறிப்போச்சு. நடுக்கம் குறைஞ்சு, ஒரு பக்கத்து மூச்சு இல்லாத மாதிரி. மனுசியை எழுப்பிச் சொன்னன், நம்பேல்லை. ஒரு மணித்தியாலத்தால கப்ரன் ஒலிபெருக்கியில, ஒரு மோட்டரில கோளாறு, மெதுவாத்தான் போவம், மெக்சிக்கோத் தீவு கொசுமெலுக்குப் போகமாட்டம் எண்டார். அண்டைக்குப் பின்னேரம் இயந்திர அறையில வேலை செய்யிற தூத்துக்குடிப் பெடியனைக் கண்டன். “பயப்படாதீங்க அண்ணாச்சி, கீழ டீசல் இஞ்சின்லாம் கரண்டு எடுக்கத்தான். அந்தக் கரண்டுலதான் மோட்டார் சுத்தி, கப்பலத் தள்ளுற விசிறியத் திருப்புது. ஒண்ணு போனாலும் இன்னொண்ணு இழுத்துரும்” எண்டான். எனக்கோ கீழ போய்ப் பாக்க ஆசை. விடமாட்டாங்களாம். துறைமுக வரியைக் கணக்கில திருப்பிப் போட்டாங்கள். சனம் சண்டை பிடிச்சுது. நான் ஒரு கதிரை இழுத்துப் போட்டுக்கொண்டு பின்தட்டில இருந்து கேட்டுக்கொண்டிருந்தன்.

முல்லைத்தீவிலிருந்து:

அண்ணை, துருத் தட்டிப் பெயின்ற் அடிக்கிறாங்களோ எண்டு பாத்தனீங்களே? அதுதான் கணக்கு. என்ர பைபர் போட்டுக்குத் துரு இல்லை, ஆனா கரைக்கு வந்ததும் இஞ்சினுக்குள்ள நல்லதண்ணி ஓடவிட்டுக் கழுவாட்டி உப்புத் திண்டிடும். மலகூடக் கதைக்குத்தான் சிரிச்சன். எங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை!

தலைமன்னாரிலிருந்து:

எனக்கு ஒரே ஒரு கப்பல்தான் தெரியும். 1979 இல நான் ஒன்பது வயசுப் பிள்ளை. பியர் எண்ட இறங்குதுறை வரைக்கும் றெயில், இறங்கி நடந்தால் ‘இராமானுஜம்’ கப்பல். தனுஷ்கோடி 1964 புயலோட அழிஞ்சது, நாங்கள் போனது இராமேஸ்வரத்துக்கு. அப்பாச்சி தேசிக்காயை மணந்து மணந்து வந்தவ. சுங்கத்தில பனங்கட்டிக் குட்டானைத் திறக்கச் சொன்னதும், சத்தி எடுத்த களைப்பெல்லாம் மறந்து சுங்க அதிகாரியோட மல்லுக்கு நிண்டா. அது புதுக் கப்பலோ பழையதோ எண்டு எனக்குத் தெரியாது, பெரிசு எண்டது மட்டும் தெரியும். 1984 ஓட கப்பல் ஓட்டம் நிண்டுது. 2015 இல றெயில் திரும்பி வந்திட்டுது. இப்பவும் அந்தப் பக்கம் போனால் பியரைப் பாக்காமல் வரமாட்டன்.

மல்லாவியிலிருந்து:

தம்பி, பாத்தனான். காலமை ஆறு மணிக்கே கயித்தில தொங்கிக்கொண்டு தட்டுவாங்கள். வருசக்கணக்கா அதே ஆக்கள். அதோட, ஐஞ்சு வருசத்துக்குள்ள இரண்டு தரமாவது டொக்கில ஏத்தித் தண்ணிக்கு வெளிய அடியைப் பாக்கிறது வழமை. மலகூடத்தைப் பற்றி இனிக் கதைக்காதை, மனுசி பக்கத்தில நிக்கிறா.

தங்கச்சி, உங்கட எழுத்தை அவவுக்கு வாசிச்சுக் காட்டினன். 2023 ஒக்டோபரில நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில கப்பல் விட்டாங்களெல்லே, அதில போய் வேளாங்கண்ணியும் பாத்திட்டு வருவமோ எண்டு கேக்கிறா. நான் முதல் கேட்டது, அந்தக் கப்பலுக்கு எத்தினை வயசு எண்டு.